கரண்ட் போனால் சம்ப் வழிகிறது: எங்கிருந்து வரும் தண்ணீர், எதைச் சரிசெய்ய வேண்டும்

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் நாலடி மீன் தொட்டி (120 × 45 × 45 செ.மீ.), அதன் கீழே அலமாரிக்குள் மூன்றடி சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி, சுத்தமாகித் திரும்பும் கீழ்த் தொட்டி (90 × 40 × 40 செ.மீ.). தொட்டியில் மிஸ் கேரளா மீன்கள். கோடை மழை இடியோடு வரும் நாட்களில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. போகும்போதெல்லாம் சம்ப் வழிகிறது. சில நாள் ஒரு வாளித் தண்ணீர் தரையில் நிற்கிறது, சில நாள் தரை நனைவதோடு சரி. கடையில் சொன்னபடி ரிட்டர்ன் பைப்பில் (சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் பைப்) என்.ஆர்.வி. வால்வு, அதாவது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு மாட்டினார். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு ஒரு ராத்திரி மறுபடியும் வழிந்து அலமாரியின் பிளைவுட் ஊதிவிட்டது. பெரிய சம்ப் வாங்கட்டுமா, இன்வெர்ட்டர் வைக்கட்டுமா என்பது கேள்வி. பாறசாலையில் இருக்கும் அவருடைய மச்சான் புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறாராம், அவருக்கும் சேர்த்துச் சொல்லும்படி கேட்கிறார்.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்ப் போதும், புதிது வாங்க வேண்டாம். இன்வெர்ட்டர் மீனுக்கு நல்லது, ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. ரிட்டர்ன் பைப்பின் வாய் தொட்டிக்குள் எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்பதில்தான் உங்கள் வீட்டுக் கதை முழுக்க அடங்கியிருக்கிறது. தண்ணீர் அடிமட்டம் வரை சுற்ற வேண்டும் என்று 12 செ.மீ. உள்ளே இறக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மேலே தூக்கினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு பிடிபட்டுவிட்டால் அடுத்த தொட்டிக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

பம்ப் ஓடும்போது மேல் தொட்டியின் தண்ணீர், அதன் ஓரத்தில் தடுத்து வைத்திருக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பைத் தாண்டி விழுந்து, பைப் வழியாகச் சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பின் கடைசி அறையில் இருக்கும் பம்ப் அதை மறுபடி மேலே தள்ளுகிறது. கரண்ட் போனதும் பம்ப் நின்றுவிடும், ஆனால் தண்ணீர் உடனே நிற்காது. விளிம்புக்கு மேலே நிற்கும் ஒன்றரை செ.மீ. அளவு தண்ணீர் வழக்கம்போல வழிந்து இறங்கும். இது எல்லாத் தொட்டியிலும் நடப்பது, தவிர்க்க முடியாதது, கொஞ்சம்தான். இன்னொரு வழி ரிட்டர்ன் பைப். பம்ப் தள்ளுவதை நிறுத்தியதும் அந்தப் பைப் திசை மாறி உறிஞ்சு குழாயாகிவிடுகிறது. தொட்டித் தண்ணீரை மாற்றும்போது டியூபை உள்ளே விட்டு வாளிக்கு இறக்குகிறோமே, அதே வேலைதான். மேலே இருக்கும் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை, பைப் நிற்காமல் மேல் தொட்டியைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கி, பைப் வாய் வெளியே தெரிந்து, காற்று உள்ளே போனால்தான் நிற்கும்.

இப்போது உங்கள் அளவுகளை வைத்துப் பார்ப்போம். தொட்டியின் பரப்பு 120 × 45, அதாவது 5,400 சதுர செ.மீ. ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 5.4 லிட்டர். பைப் வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் கிட்டத்தட்ட 65 லிட்டர் இறங்கும். பைப்புகளுக்குள் இருப்பதும் சேர்ந்தால் 68 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை வாங்கிக்கொள்ளச் சம்ப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது? அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடி 25 செ.மீ. உயரம் என்றும், பம்ப் இருக்கும் அறை 25 செ.மீ. நீளம் என்றும், ஓடும்போது அதில் 20 செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அறையின் பரப்பு 1,000 சதுர செ.மீ., அதனால் ஒரு செ.மீ.க்கு ஒரு லிட்டர். 20-லிருந்து 25 வரை நிரம்ப 5 லிட்டர் பிடிக்கும். அதற்கு மேல் எல்லா அறைகளும் ஒன்றாக ஏறும், செ.மீ.க்கு 3.6 லிட்டர். மேல் விளிம்பு வரை இருக்கும் 15 செ.மீ.க்கு 54 லிட்டர். ஆக மொத்தம் 59. இதில் ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும் தண்ணீருக்கு மேலே பிடித்திருக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். 68 லிட்டர் வருகிறது, 55-க்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம். மீதிதான் உங்கள் தரையில் நிற்கும் அந்த ஒரு வாளி.

சில நாள் அதிகம், சில நாள் குறைவு என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தண்ணீர் ஆவியாவது முழுக்கப் பம்ப் அறையில்தான் தெரியும், மற்ற அறைகள் தடுப்பு உயரத்திலேயே நிற்கும். நீங்கள் நிரப்பி நாலைந்து நாள் ஆகியிருந்தால் அந்த அறை சில லிட்டர் குறைந்திருக்கும், அதனால் வழிவதும் குறையும். அன்று காலைதான் தாராளமாக ஊற்றி நிரப்பினீர்கள் என்றால் அன்று ராத்திரி வாளி நிறைய வரும். இது தெரியாமல், போன தடவை வழியவில்லையே, சரியாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? பைப் வாயைத் தண்ணீர் மட்டத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் ஆழம் போகாதபடி தூக்குங்கள். பைப் முனையில் இருக்கும் எல்போவை (வளைவுத் துண்டு) திருப்பி, வாய் மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாகத் தள்ளும்படி வையுங்கள். இப்போது கரண்ட் போனால் இறங்குவது 2 × 5.4, அதாவது 11 லிட்டருக்குள். பைப்பில் இருப்பதையும் சேர்த்து 14. இதில் 5 லிட்டர் பம்ப் அறையை நிரப்பும், மீதி 9 லிட்டர் சம்ப் முழுவதையும் இரண்டரை செ.மீ. ஏற்றும். மட்டம் 27.5 செ.மீ.யில் நின்றுவிடும். விளிம்புக்கு இன்னும் 12 செ.மீ.க்கு மேல் பாக்கி. அதனால்தான் புதுச் சம்ப் வேண்டாம் என்றேன்.

அடிமட்டச் சுற்றோட்டம் குறைந்துவிடுமே என்று யோசிப்பீர்கள். அதற்கு ஒரு சிறிய வேவ் மேக்கரைத் தொட்டிக்குள் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அது தொட்டித் தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே தள்ளுவது, சம்ப்போடு அதற்குத் தொடர்பே இல்லை, எனவே வழியவும் வழியாது. மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஆறுகளில் இருந்து வந்த மீன். ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது அதற்குப் பிடிக்கும், அதன் உடம்புக்கும் நல்லது. ரிட்டர்ன் வாய் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருப்பதால் ஆக்சிஜனும் கூடும்.

சிலர் பைப் வாயை ஆழத்திலேயே விட்டுவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே பைப்பில் துளை போடுவார்கள். மட்டம் துளைக்குக் கீழே போனதும் காற்று உள்ளே இழுக்கப்பட்டு உறிஞ்சல் அறுந்துவிடும். நல்ல வழிதான், வேலை செய்யும். ஆனால் அதை மட்டும் நம்பி இருப்பது எனக்குச் சம்மதமில்லை. வெளிச்சம் படும் இடம் என்பதால் துளையில் பாசி பிடிக்கும், குட்டி நத்தை வந்து உட்காரும். உப்புத் தண்ணீரோ, போர்வெல் கடினத் தண்ணீரோ ஆனால் வெள்ளைப் படிவு கட்டும். துளை அடைந்த அன்று மறுபடி 68 லிட்டர்தான். துளை போடுவதாக இருந்தால் 5 மி.மீ.யில் இரண்டு போடுங்கள், வெளியே தெறிக்காமல் இருக்கத் தண்ணீர் பக்கமாகப் பார்த்தபடி போடுங்கள், வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். பைப் வாயை மேலே தூக்கிவிட்டு, கூடுதல் பாதுகாப்புக்காகத் துளையும் போட்டால் ரொம்ப நல்லது. இன்னொன்று: பைப்பைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது கை பட்டு எல்போ கீழே திரும்பிவிட்டால், யாரும் கவனிக்காமலே பழைய ஆழத்துக்குப் போய்விடும்.

என்.ஆர்.வி. ஏன் கைவிட்டது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கடையிலும் முதலில் நீட்டுவது அதைத்தான். அந்த வால்வுக்குள் ஒரு மூடி இருக்கிறது. தண்ணீர் திரும்பி வந்தால் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். தெளிந்த தண்ணீரில் அது ஒழுங்காக மூடும். மீன் தொட்டித் தண்ணீரில் பாசி, செடித் துணுக்கு, மணல், நத்தை எல்லாம் உண்டு. மூடிக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறு துணுக்கு மாட்டினால் போதும். மெதுவாகக் கசியும், ராத்திரி முழுக்கக் கசியும், விடியும்போது தொட்டி 12 செ.மீ. இறங்கியிருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தண்ணீரைத் தடுக்க அசைகிற பாகம் ஒன்றை நம்பினால் அது என்றாவது சிக்கும். சம்ப்பில் காலி இடம் இருந்தால் அதில் சிக்க எதுவும் இல்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்த விதி இது ஒன்றுதான்: இடத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும், வால்வை வைத்துப் போடக் கூடாது.

போட்ட வால்வை இப்போது என்ன செய்வது? பித்தளை என்றால் கழற்றிவிடுங்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. தண்ணீர் மென்மையாகவும் கொஞ்சம் அமிலத்தன்மையோடும் இருந்தால் செம்பு கூடுதலாகக் கரையும், இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். பி.வி.சி. வால்வு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பம்ப்பின் வேகத்தை அது கொஞ்சம் குறைக்கும். வைத்துக்கொள்வதானால் இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) போட்டு, கழற்றிக் கழுவுகிற மாதிரி வையுங்கள்.

அடுத்து சோதனை. பகலில், வீட்டில் இருக்கும் நாளில், ஒரு வாளியும் பழைய துணியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பம்ப் ஸ்விட்சை நீங்களே அணையுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் இறங்குவது முழுக்க நின்றதும் சம்ப்பின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே 5 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். பிறகு பம்ப்பைப் போட்டு, ஓட்டம் நிலைக்கு வந்ததும் பம்ப் அறையில் நிற்கும் மட்டத்தில் இன்னொரு கோடு. இனி தண்ணீர் ஊற்றுவது இந்த இரண்டாவது கோடு வரைதான். வீட்டில் யார் ஊற்றினாலும் இதைத் தாண்டக் கூடாது என்று கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பம்ப் ஓடும்போது கண்ணுக்குச் சம்ப் பாதி காலியாகத் தெரியும், ஐயோ குறைகிறதே என்று ஊற்றத் தோன்றும். பெரும்பாலான வீடுகளில் தரை நனைவது இப்படித்தான்.

இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்ய மின்வாரியமே வழி செய்து தருகிறது. பராமரிப்புக்காக இன்ன நாள் இன்ன ஊர்களில் மின்தடை என்று முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள். அன்று காலை கரண்ட் போகும் நேரத்தில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோட்டைத் தாண்டினால் எல்போ திரும்பியிருக்கும், இல்லை துளை அடைந்திருக்கும், இல்லை யாரோ அதிகமாக ஊற்றியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. இடி முழங்கினால் டி.வி.யில் இருந்து மோட்டார் வரை எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் தொட்டியின் பிளக்கைப் பிடுங்குவதும் கரண்ட் போவதும் சம்ப்புக்கு ஒன்றுதான். வீட்டில் அம்மாவோ பிள்ளைகளோ பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாத மாதிரி சம்ப் இருக்க வேண்டும்.

இப்போது இன்வெர்ட்டர். பைப் வாய் ஆழத்தில் இருக்கும்போது இன்வெர்ட்டர் வைத்தால், வெள்ளம் தள்ளிப்போகுமே தவிர இல்லாமல் போகாது. சாயங்காலம் நீங்கள் விழித்திருக்கும்போது வழிய வேண்டியது, பேட்டரி தீர்ந்ததும் விடியற்காலை மூன்று மணிக்கு வழியும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-அவர். நடைமுறையில் 1,000 கிடைத்தால் நல்லது. 40 வாட் பம்ப் மட்டும் என்றால் ஒரு நாள் ஓடும், ஆனால் வீட்டில் இரண்டு ஃபேனும் லைட்டும் அதையே பங்கு போடும். ஜெனரேட்டரும் இதற்கு உதவாது. ஓரங்குலப் பைப்பில் உறிஞ்சல் தொடங்கினால் சில நிமிடங்களிலேயே முக்கால்வாசி இறங்கிவிடும். நீங்கள் டார்ச் தேடி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்குள் தரை நனைந்திருக்கும்.

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது ரப்பர் மரமும் தென்னையும் கம்பிகளின் மேல் சாய்ந்து, கம்பங்கள் ஒடிந்து, குமரி மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு சமயத்தில் எந்த வீட்டு இன்வெர்ட்டரும் தாங்காது. எனவே சம்ப்பை முதலில் கரண்ட் இல்லாமலே பத்திரமாக நிற்கும்படி செய்துவிட்டு, பிறகு மீனின் மூச்சுக்காக இன்வெர்ட்டரை யோசியுங்கள். வாங்கினால் சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் பம்ப் முனகும், சூடாகும்.

மூச்சு என்றதும் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும், தரையைவிட அது முக்கியம். 28 டிகிரித் தண்ணீர், எவ்வளவுதான் கலக்கினாலும், லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆக்சிஜன் பிடிக்கும். குளிர்ந்த மலையாற்றில் இதைவிட அதிகம் இருக்கும். மிஸ் கேரளா அந்த மாதிரித் தண்ணீருக்குப் பழகியது. பம்ப் நின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். இந்தத் தொட்டிக்கு நீங்கள் செலவு செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ள செலவு அதுதான். மின்தடை அறிவித்த நாளில் காலைத் தீனியைத் தவிருங்கள். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. தின்றால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், கழிவும் சேரும்.

ஏர் பம்ப்பிலும் இதே உறிஞ்சல் ஆபத்து இருக்கிறது, அதைப் பலரும் யோசிப்பதில்லை. சாதாரண ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அலமாரித் தட்டில் வைத்திருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் அந்த மெல்லிய டியூப் வழியாகத் திரும்பி பம்ப்புக்குள்ளும் தரையிலும் இறங்கலாம். பம்ப்பைத் தொட்டியின் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் மட்டும் டியூபில் சின்ன ஏர் செக் வால்வு போடுங்கள்.

கரண்ட் வெகுநேரம் இல்லாமல் போனால் சம்ப்பின் செராமிக் ரிங்குகளில் வாழ்ந்து கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் மூச்சுத் திணறும். எட்டுப் பத்து மணி நேரத்துக்குப் பிறகு கரண்ட் வந்தால் உடனே பம்ப்பைப் போடாதீர்கள். சம்ப்பை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அந்தத் தண்ணீரை வெளியே எடுத்துக் கொட்டி, ரிங்குகளைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு, புதுத் தண்ணீர் சேர்த்துப் பிறகு ஓட விடுங்கள்.

அப்புறம், கரண்ட் திரும்பி வரும்போது நடக்கும் வெள்ளம். இது மேல் தொட்டி வழிவது. இறங்கு பைப்பில் செடி இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டால், பம்ப் தள்ளுவது எல்லாம் மேலேயே தங்கும். மிஸ் கேரளா துள்ளும் மீன், வெளிச்சம் சட்டென்று போனால் மிரண்டு ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளேயே குதித்துவிடும். பெட்டிக்கு மேலே வலையும் தொட்டிக்கு மூடியும் கட்டாயம். பைப் அடைந்தாலும் வழியாமல் இருக்க ஒரு கணக்கு இருக்கிறது: பம்ப் அறையில் பம்ப்புக்கு எட்டக்கூடிய தண்ணீர் முழுவதும் மேலே போனாலும், மேல் தொட்டியின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். உங்களுக்கு அந்த அறையில் 20 செ.மீ. நிற்கிறது, பம்ப் 5 செ.மீ. வரை இழுக்கும் என்றால் 15 லிட்டர். மேலே நீங்கள் விட்டிருக்கும் 4 செ.மீ. இடைவெளியில் 21 லிட்டர் பிடிக்கும். அடங்கிவிடும், நல்லது. பம்ப் தண்ணீரில்லாமல் ஓடிச் சூடாகும், அதற்கு ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டால் தானாக நின்றுவிடும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது ஒன்று உண்டு. மொட்டை மாடித் தொட்டியில் இருந்து நேராகப் பைப் இழுத்து, சம்ப்பில் பால் வால்வு (மட்டம் இறங்கினால் திறக்கும் மிதவைப் பந்து வால்வு) வைத்து, ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பச் செய்வார்கள். இறங்கு பைப் அடைந்தால் பம்ப் அறை காலியாகும், பால் வால்வு திறக்கும், பம்ப் அதையும் மேலே தள்ளும், ஆயிரம் லிட்டரும் வீட்டுக்குள் வந்து சேரும். தானாக நிரம்ப வேண்டுமென்றால் பக்கத்தில் ஐந்தாறு லிட்டர் கேன் ஒன்றை வைத்து அதிலிருந்து கொடுங்கள்.

இடிமழை நேரத்தில் கரண்ட் வந்து, போய், வந்து, போய் என்று ஐந்து நிமிடத்தில் நாலு தடவை ஆடும். ஒவ்வொரு தடவையும் பம்ப் பாதி காற்றோடு கிளம்பும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் சுழலாமல் முனகிக்கொண்டே சூடாகும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமதம் உள்ளது கிடைக்கும். பம்ப்பை அதில் மாட்டினால், கரண்ட் நிலைத்த பிறகே ஓடத் தொடங்கும்.

மின் பாதுகாப்பில் கொஞ்சமும் சமரசம் வேண்டாம், தம்பி. உங்கள் எக்ஸ்டென்ஷன் போர்டு அலமாரிக்குள் தரையில் கிடப்பதாகப் படத்தில் தெரிகிறது. சம்ப் வழிந்தால் தண்ணீர் முதலில் போவது அங்கேதான், ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடி வந்து துடைக்கப் போவது வீட்டில் உள்ளவர்கள். இன்றைக்கே அதை எடுத்து, அலமாரிக்கு வெளியே சுவரில், சம்ப் விளிம்புக்கு மேலே உயரமாக அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கில் இருந்து கீழே தொங்கி ஒரு வளைவு போட்ட பிறகு தொட்டிக்கு ஏற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். தரையில் தண்ணீரைக் கண்டால் முதலில் மெயினை அணைப்பது, பிறகுதான் துணியை எடுப்பது என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஹீட்டர் வைத்திருந்தால் பம்ப் அறையில் வேண்டாம், மட்டம் மாறாத நடு அறையில் இருக்கட்டும்.

ஊதிப்போன பிளைவுட்டை மாற்றும்போது மரைன் பிளை போட்டு, சம்ப்புக்கு அடியில் ஐந்து செ.மீ. விளிம்பு வைத்த ஃபைபர் தட்டு ஒன்றும் வைத்துவிடுங்கள். சின்னக் கசிவு அதிலேயே நின்றுவிடும்.

இனி பாறசாலை மச்சானுக்கு. கண்ணாடியில் துளை போடாமல், விளிம்பைத் தாண்டி வளைத்த பி.வி.சி. பைப்பால் ஓவர்ஃப்ளோ செய்யலாம் என்று அவர் பார்த்து வைத்திருக்கிறாராம். செலவு குறைவுதான், ஆனால் அந்த வளைவில் மெல்ல மெல்லக் காற்று சேரும். கரண்ட் போய் வரும் இடத்தில் ஒரு நாள் அந்த உறிஞ்சல் மறுபடி பிடிக்காமல் போகும், பம்ப் மட்டும் ஓடும், மேல் தொட்டி வழியும். தொட்டி இன்னும் செய்யவில்லை என்பதால், துளை போட்டே செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி ஒட்டுபவரிடம் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மூன்று துளைகள் கேட்கலாம்: ஒன்று ரிட்டர்னுக்கு, ஒன்று கேட் வால்வோடு முக்கிய இறங்கு பைப்புக்கு, இன்னொன்று எந்த வால்வும் இல்லாமல், கொஞ்சம் உயரமாக, அவசரத்துக்கு. சாதாரணமாக அந்த மூன்றாவதில் ஒரு சொட்டும் போகாது. முக்கியப் பைப் அடைந்தாலோ, கரண்ட் வந்ததும் அதில் இருக்கும் காற்று வெளியேறும் வரையிலோ தண்ணீர் அதன் வழியாக இறங்கும். டஃபன்டு கிளாஸில் (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி) துளை போட முடியாது, நொறுங்கிவிடும். அதனால் அடிக்கண்ணாடி எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்ப் எவ்வளவு பெரிது என்று கேட்டால், மேல் தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது என்று சொல்வேன். அதைவிட முக்கியம், ஓடும்போது அது பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிற்க வேண்டும். தொட்டி வந்ததும், மீன் விடுவதற்கு முன், அலமாரிக் கதவைப் பொருத்துவதற்கும் முன், வெறும் தண்ணீரில் ஐந்தாறு தடவை ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு தடவை அவசரப் பைப்பைச் சோதிக்க, முக்கியப் பைப்பின் வாயைக் கையால் பொத்திப் பார்க்க வேண்டும். மேல் தொட்டி விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழேயே நின்றால் மீன் வாங்கப் போகலாம். அதற்கு மேல் ஏறினால் அவசரப் பைப்பைக் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.